ஜாம் போத்தலில் ஒரு தேயிலைக் கொழுந்து

ஹட்டன் பக்கம் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டால், காற்றில் காயவேண்டிய களிமண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். பொலிமர் களிமண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. அது சூட்டில்தான் இறுகும்.

வெற்று ஜாம் போத்தலை எண்ணெய்ப்பசை போகக் கழுவித் துடையுங்கள். பச்சைநிறப் பொலிமர் களிமண்ணை மெல்லியதாகத் தேய்த்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக வெட்டி ஒட்டுங்கள். நரம்புகளை ஊசியால் கீறலாம். ஓரத்தில் கண்ணாடி மணிகளைப் பாதி புதையும்படி அழுத்துங்கள். பிளாஸ்டிக் மணி அவணில் உருகிவிடும். போத்தலைச் சுட்டெடுத்த பிறகு அதைப் பசை போட்டு ஒட்டுங்கள்.

பெரும்பாலான வகைகளுக்கு 130 பாகை செல்சியஸ், அரை மணிநேரம் போதும். உறையில் போட்டிருப்பதையும் ஒருமுறை பாருங்கள். போத்தலைக் குளிர்ந்த அவணில் வைத்தே சூடேற்றுங்கள். அணைத்த பின் உள்ளேயே ஆறட்டும். சூட்டோடு எடுத்து ஈரச் சீமெந்தில் வைத்தால் வெடித்துவிடும். களிமண் கருகினால் வரும் புகை கெடுதி, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

அவண் இல்லாதவர்கள் கொதிநீரில் போடலாம் என்பார்கள். நம்பாதீர்கள். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அந்தச் சூடு பற்றாது. லயத்து வீட்டுக்குச் சோளமாவும் பைண்டர் கம்மும் சம அளவில் கலந்து, சிறுதீயில் கிளறிப் பிசைந்த மாவே தோது. அடுப்புச்சூடு படும் இடத்தில் காயவையுங்கள்.

வாய் வைத்துக் குடிக்கும் கோப்பைக்கு மட்டும் இந்த வேலை வேண்டாம்.