டிரெய்லர் ஓட்டுநரின் மகளும் ஜேன் ஜேக்கப்ஸும்

சென்னை தண்டையார்பேட்டையில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குப் படக்கதை வாசித்துக் காட்டுகிறேன். எனக்குப் பிடித்தது ‘வாக்கிங் இன் த சிட்டி வித் ஜேன்’. சூசன் ஹியூஸ் எழுத, வலேரி புவாவேன் படம் வரைய, 2018-ல் வந்தது. நியூயார்க்கில் குடியிருப்புகளை இடித்துச் சாலை போட நினைத்தவர்களை எதிர்த்து நின்ற ஜேன் ஜேக்கப்ஸின் கதை. ஆங்கிலப் புத்தகம்தான். படத்தைக் காட்டி நம் பேச்சிலேயே சொல்லிவிடலாம்.

சொல்லும்போது, அந்தச் சாலையைப் போட நினைத்த ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரியை அரக்கனாக்கிவிடாதீர்கள். பிள்ளைகள் கைதட்டுவார்கள், யோசிக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் அது எடுபடவும் செய்யாது. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லரால்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. “ரோடு வேணாம்னா எங்கப்பா வண்டி எதுல போவும்க்கா?” என்று ஒருத்தி கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. “வண்டி எங்க நின்னா நீ ஸ்கூலுக்கு நடந்து போவ முடியும்?” என்று திருப்பிக் கேட்டேன். சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே தெருவை வரைந்தார்கள். கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பது, ஓட்டுநருக்குக் கழிப்பறை இல்லாதது எல்லாம் பேச்சில் வந்தது. புத்தகத்தில் இல்லாத பக்கம் அது.

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது ரிப்பன் சங்கதி. 1958-ல் நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவுக்குள் கார் போவதை நிறுத்தியபோது ரிப்பன் வெட்டவில்லை, கட்டினார்கள். அதைப் பிடித்து நின்றவர்களில் ஜேனின் மகள், சிறுமி மேரியும் ஒருத்தி.

ஐந்து வயதுக்காரர்களுக்கு ஜேன் வேண்டாம். உமா கிருஷ்ணசாமி எழுதி, சென்னையின் துளிகா வெளியிட்ட ‘அவுட் ஆஃப் த வே! அவுட் ஆஃப் த வே!’ போதும். ஒரு சிறுவன் செடியைச் சுற்றிக் கல் வைக்கிறான். செடி மரமாகிறது, பாதை சாலையாகிறது, சாலை மரத்தைச் சுற்றிப் போகிறது. கோஷம், கொடி எதுவும் கிடையாது.

வாசித்த கையோடு பிள்ளைகளை வீட்டுப் பெரியவர்களிடம் அனுப்புங்கள். “இந்தத் தெருவுல எதுக்கெல்லாம் சண்டை போட்டீங்க?” என்று கேட்டு எழுதி வரட்டும். 2013-ல் எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீரில் எண்ணெய் கலந்து வந்ததை நான் கேட்டுவரச் சொன்னேன். பாட்டிகளின் வசவோடு சேர்த்தே எழுதி வந்தார்கள். பாதியை அடித்தேன், மீதியை விட்டுவிட்டேன்.