காணொளி சொல்லும் வைத்தியம்

மாணவியரே, வீட்டில் பாட்டிக்கு மூட்டு வலி என்றால் முன்பெல்லாம் அண்டை வீட்டாரைக் கேட்டோம். இன்று கைப்பேசியைக் கேட்கிறோம். கேட்ட மாத்திரத்தில் பத்துப் பேர் வந்து வைத்தியம் சொல்கிறார்கள். அவர்களுள் மருத்துவர் யார், மருந்து விற்பவர் யார், வெறும் பேச்சாளர் யார் என்று எவ்வாறு கண்டுகொள்வது?

காணொளியால் நன்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆஸ்துமா நோயாளி இன்ஹேலரை எப்படிப் பிடிக்க வேண்டும், எந்த நொடியில் மூச்சை இழுக்க வேண்டும் என்பதை நாலு பக்கம் படிப்பதைவிட ஒரு முறை பார்ப்பது மேல். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வதும் அப்படியே. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரும் பார்த்துக் கற்கலாம் அல்லவா?

ஆனால் பலர் பார்த்தது என்பதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. யூடியூபில் தடுப்பூசி பற்றி இருந்த 153 காணொளிகளைக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2007-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் முடிவை வெளியிட்டனர். 73 காணொளிகள் தடுப்பூசியை ஆதரித்தன, 49 எதிர்த்தன, 31 இரண்டுங்கெட்டான். எதிர்த்துப் பேசியவற்றையே மக்கள் அதிகம் பார்த்திருந்தனர், அவற்றுக்கே அதிக மதிப்பும் அளித்திருந்தனர்! அச்சமூட்டும் கதைக்கு உள்ள கவர்ச்சி அட்டவணைக்கு இல்லை போலும்.

இது ஏட்டளவில் நிற்கும் சங்கதியன்று. 2018 ஜூலையில் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றபோது ஓர் இளந்தாய் இரத்தப்போக்கால் உயிரிழந்தார். யூடியூப் காணொளிகளைப் பார்த்து அவ்வாறு செய்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. குழந்தை பிழைத்தது.

அப்படியானால் எதைக் கொண்டு எடைபோடுவது? 1990-களில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் 'டிசர்ன்' என்னும் வினாப்பட்டியல் உருவாயிற்று. சிகிச்சை பற்றிய அச்சுப் பிரசுரங்களுக்காக எழுதப்பட்ட அதனையே ஆய்வாளர்கள் பின்னர் காணொளிகளுக்கும் பயன்படுத்தலாயினர். மொத்தம் 16 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். இச்செய்தி எங்கிருந்து எடுக்கப்பட்டது? எந்த ஆண்டினது? சிகிச்சையின் நன்மையோடு ஆபத்தும் சொல்லப்பட்டதா? சிகிச்சையே செய்யாவிட்டால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா? மருத்துவர்களுக்கே இன்னும் தெளிவாகாத இடம் எது என்று ஒப்புக்கொள்ளப்பட்டதா? இவை அவற்றுள் சில.

இவற்றுள் ஆபத்தைப் பற்றிய வினாவே தலையாயது என்பது என் கருத்து. வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் யார் வேண்டுமானாலும் அணியலாம். "இந்த மருந்து இன்னாருக்கு ஆகாது" என்று சொல்லும் பொறுப்பு, விற்க வந்தவருக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆயினும் டிசர்ன் ஒரு செய்தி எவ்வளவு நேர்மையாகச் சொல்லப்பட்டது என்பதைத்தான் அளக்கும். அது உண்மையா என்பதை அதற்குரிய மருத்துவரிடமோ உலக சுகாதார நிறுவனம் போன்ற இடத்திலோ ஒத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

ஓர் உதாரணம். வயிற்றுப்போக்குக்கு வீட்டில் தயாரிக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான நீருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்பது கணக்கு. "உப்பைக் கொஞ்சம் கூடவே போடுங்கள்" என்று ஒரு காணொளி சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். கைக்குழந்தைக்கோ அந்த அதிக உப்பே ஆபத்தாகிவிடும்.

காணொளியில் பேசுபவருக்கு நம்மைத் தெரியாது என்பதும் நினைவிலிருக்கட்டும். இளநீர் உடலுக்கு நல்லது என்று அவர் சொல்வது பலருக்கும் பொருந்தலாம். சிறுநீரகம் பழுதுபட்ட ஒருவர் அதைக் கேட்டுத் தினமும் பருகினால், இளநீரிலுள்ள பொட்டாசியம் உடலில் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். ஆகவே வீட்டில் யாரேனும் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தப் போவதாகச் சொன்னால், அவர்களோடு வாதாட வேண்டாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்வரை மாத்திரையைத் தொடரச் சொல்லி, அந்தக் காணொளியையும் உடன் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள்.