சாதா ஆறு சிலிண்டருக்கு டர்போ மாட்டும் கணக்கு

டீசல் ரயில் எஞ்சின் புறப்படும்போது டிரைவர் நோட்ச் ஏற்றியதும் குப்பென்று கரும்புகை கிளம்புவதை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். கேட்ட அளவு டீசல் சிலிண்டருக்குள் உடனே போய்விடுகிறது. அதை எரிக்க வேண்டிய காற்றை அனுப்பும் டர்போ வேகமெடுக்கத்தான் சில விநாடிகள் பிடிக்கின்றன. அந்த இடைவெளியில் முழுதாக எரியாமல் போவதுதான் புகை. எஞ்சினை விட்டு வீணாக வெளியேறும் சூடான வாயுவைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே அனுப்புவது டர்போவின் வேலை. காற்று கூடினால் கூடுதலாக எரிபொருளை எரிக்கலாம், சக்தியும் கூடும்.

ஆஸ்திரேலியாவில் பழைய ஃபோர்டு கார்களில் டர்போ மாட்டிக் கால் மைல் பந்தயம் ஓடுகிறார்களே, பெரிய செலவில்லாமல் அது எப்படி முடிகிறது என்று நம் சங்கத்து இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். பந்தயம் எனக்குப் பழக்கமில்லை. ஆனால் டீசல் ஷெட்டில் டர்போக்களோடு பல வருஷம் பழகியவன் என்ற முறையில் அதன் பின்னால் உள்ள கணக்கைச் சொல்ல முடியும்.

முதலில் எஞ்சின். மீட்டர் கேஜ் காலத்தில் விழுப்புரத்துக்குத் தெற்கே பல வண்டிகளை இழுத்த ஒய்.டி.எம்.-4 நினைவிருக்கும். அதில் இருந்த ஆல்கோ எஞ்சினும் ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர் கொண்டது, டர்போவோடு சுமார் 1350 குதிரைத்திறன் தந்தது. ஒரு சிலிண்டரே கிட்டத்தட்ட 11 லிட்டர்! நாம் பார்க்கப்போகும் ஃபோர்டு ஃபால்கன் காரின் 'பாரா' எஞ்சின் ஆறு சிலிண்டரும் சேர்ந்தே 4 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அளவில் யானையும் பூனையும். ஆனால் அமைப்பில் உறவுக்காரர்கள்.

வரிசை ஆறில் 1-ம் 6-ம், 2-ம் 5-ம், 3-ம் 4-ம் சிலிண்டர்களின் பிஸ்டன்கள் ஜோடி ஜோடியாக ஏறி இறங்குகின்றன. முன்பாதியின் உதறலைப் பின்பாதி ஈடுகட்டிவிடுகிறது. கிராங்க் ஷாஃப்டை ஏழு மெயின் பேரிங்குகள் தாங்குகின்றன, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் இருபுறமும் தாங்கல். எக்ஸாஸ்ட் முழுவதும் ஒரே பக்கம் வருவதால் ஒரு மேனிஃபோல்டு, ஒரு டர்போ போதும். வி-வடிவ எஞ்சினில் இரண்டு பக்கமும் குழாய் இழுக்க வேண்டும், வெல்டிங் கூலியே ஏறிவிடும்.

பாரா எஞ்சின் 2002-ல் பி.ஏ. வரிசை ஃபால்கனோடு வந்தது. இரும்பு பிளாக், தலையில் இரண்டு கேம் ஷாஃப்ட், 24 வால்வு. டர்போ இல்லாத சாதா எஞ்சின் 182 கிலோவாட், அதாவது சுமார் 244 குதிரைத்திறன். அதே ஆண்டு கம்பெனியே டர்போ வைத்து எக்ஸ்.ஆர்.6 டர்போ என்று விற்றது, அது 240 கிலோவாட். 2016 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஊரெல்லாம் ஓடிய டாக்சியும் குடும்பக் காரும் இந்த ஃபால்கன்தான் என்பதால் பழைய சாமான் யார்டுகளில் இந்த எஞ்சின் நிறையக் கிடைத்தது. மலிவு விலை ரகசியம் அவ்வளவே.

இப்போது கணக்கு. சாதா எஞ்சினில் டர்போ வைத்து 0.7 பார் பூஸ்ட் கொடுக்கிறோம் என்று கொள்வோம். காற்றின் அழுத்தம் 1.7 மடங்கு. சக்தியும் 1.7 மடங்கு ஆகிவிடும் என்று நினைத்தால் தவறு. சைக்கிள் பம்பின் அடிப்பாகம் சுடுவதுபோல அமுக்கிய காற்று சூடாகிறது. வெளிக்காற்று 30 டிகிரி, கம்ப்ரெஸரின் திறன் 70 சதவீதம் என்றால், வெளியே வரும் காற்று ஏறக்குறைய 100 டிகிரியில் இருக்கும். சூடான காற்று விரிந்துவிடுவதால் உள்ளே போகும் எடை 1.38 மடங்குதான். அதே காற்றை இன்டர்கூலரில் செலுத்தி 45 டிகிரிக்குக் குளிர்வித்தால் 1.62 மடங்கு கிடைக்கும். ரயில் எஞ்சினில் ஆஃப்டர்கூலர் என்போமே, அதேதான். பத்தில் எட்டுப் பேர் டர்போவின் அளவைப் பற்றியே பேசுகிறார்கள். இன்டர்கூலரைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம்.

244 குதிரைத்திறனை 1.62-ஆல் பெருக்கினால் 395. கியர் பாக்ஸ், பின் அச்சு இழப்புக்கு 15 சதவீதம் கழித்தால் சக்கரத்தில் 336. டர்போ இல்லாமல் சக்கரத்தில் 207. காரும் ஓட்டுபவரும் சேர்ந்து 1600 கிலோ என்று வையுங்கள். எடையைக் குதிரைத்திறனால் வகுத்து, கனமூலம் எடுத்து, 7.58-ஆல் பெருக்கினால் கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட எத்தனை விநாடி என்பது தோராயமாக வரும். டர்போ இல்லாமல் 15.0 விநாடி, டர்போவோடு 12.75 விநாடி. டயர் வழுக்காமல் இருந்தால்தான் இது, நினைவிருக்கட்டும்.

தாளில் இத்தனை சுலபமாக வருவது வண்டியில் ஏன் வருவதில்லை? டீசல் ஆட்களாகிய நாங்களே இடறக்கூடிய இடம் இது. டீசல் எஞ்சினில் பிஸ்டன் மேலே ஏறும்போது சிலிண்டருக்குள் வெறும் காற்றுதான் இருக்கிறது. எத்தனை பூஸ்ட் கொடுத்தாலும், டீசல் தெளிக்கப்படும் வரை எரிய எதுவும் இல்லை. டீசலிலும் தட்டும் சத்தம் உண்டு, ஆனால் அது வேறு வகை, பூஸ்ட் ஏறினால் குறையவே செய்யும். பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்தே அமுக்கப்படுகின்றன. பிளக் பொறி வைத்து நெருப்பு பரவிக்கொண்டிருக்கையில், மூலையில் எரியாமல் மிச்சமிருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே வெடித்துவிடும். இதுதான் நாக்கிங். சுத்தியலால் பிஸ்டன் தலையில் அடிப்பதற்குச் சமம். ரிங்குகளுக்கு இடைப்பட்ட மெல்லிய பகுதி முதலில் உடையும், சில நேரம் ஹெட் கேஸ்கட் போகும். எஞ்சினை டர்போ உடைத்தது என்று ஊர் பேசும். நான் படித்துப் பார்த்தவரை, மிதமான பூஸ்டில் உடைந்த சாதா எஞ்சின்களில் பெரும்பாலானவற்றை உடைத்தது நாக்கிங்தான்.

சாதா பாராவின் கம்ப்ரெஷன் 9.7-க்கு 1. கம்பெனி டர்போ வைத்தபோது அதை 8.7 ஆகக் குறைத்ததற்குக் காரணம் இதுவே. நாம் பிஸ்டனை மாற்றப்போவதில்லை, பணம் இல்லை. அப்படியானால் மூன்று வழிகள். பொறி வைக்கும் நேரத்தைப் பூஸ்டுக்கு ஏற்பப் பின்தள்ளுவது ஒன்று, இதில் சக்தி கொஞ்சம் போகும். கலவையில் பெட்ரோலைக் கூட்டுவது இன்னொன்று. டீசலில் எரிபொருள் கூடினால் எக்ஸாஸ்ட் சூடாகும், பெட்ரோலிலோ பூஸ்டின்போது எரிபொருள் குறைந்தால்தான் ஆபத்து. சாதாரணமாக ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால், முழு பூஸ்டில் 11.5 பங்கு என்று வைப்பார்கள். மூன்றாவது வழி, எத்தனால் பெரும்பகுதியாகக் கலந்த ஈ-85 எரிபொருள். ஆவியாகும்போது அது கலவையை நன்றாகக் குளிர்விக்கிறது, எளிதில் நாக்கிங் வராது. ஆனால் அதற்குக் காற்று விகிதம் சுமார் 9.8 என்பதால் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாகச் செலுத்த வேண்டும்.

எவ்வளவு செலுத்துவது? 6000 சுற்றில் 4 லிட்டர் எஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 12.5 கிலோ காற்றை இழுக்கும், நம் பூஸ்டில் 20 கிலோ. அதை 11.5-ஆல் வகுத்தால் பெட்ரோல் 1.75 கிலோ. ஆறு சிலிண்டருக்குப் பிரித்து, இன்ஜெக்டர் முழு நேரமும் திறந்து நிற்காமல் 80 சதவீதத்தில் வேலை செய்ய வேண்டும் என்று வைத்தால், ஒவ்வொன்றும் நிமிஷத்துக்கு 500 சிசி கொடுக்கும் இன்ஜெக்டர் தேவை. டர்போ இல்லாத எஞ்சினுக்கென்று அளந்து வைத்த இன்ஜெக்டரிடம் இதை எதிர்பார்க்கக் கூடாது. பெட்ரோல் பம்பும் அப்படியே. கையில் உள்ள காசில் என் ஓட்டு முதலில் இன்ஜெக்டருக்கும் பம்புக்கும், பிறகு கலவையை அளந்து காட்டும் அகன்ற அளவு லாம்டா மீட்டருக்கும் கம்ப்யூட்டரைத் திருத்தி எழுதத் தெரிந்த ஆளுக்கும்தான். டர்போவைப் பழசாக வாங்கினாலும் பாதகமில்லை, அச்சில் ஆட்டம் இருக்கிறதா என்று விரலால் அசைத்துப் பார்த்துக்கொண்டால் சரி. வெளியேறும் வாயுவைத் திருப்பிவிட்டுப் பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டின் சின்ன ரப்பர் குழாய் கழன்றால் பூஸ்ட் எகிறிவிடும். எனவே ஓர் அளவுக்கு மேல் போனால் பெட்ரோலை நிறுத்தும்படி கம்ப்யூட்டரில் எழுதிவைப்பது அவசியம்.

லூப் ஆயில் விஷயத்தில் ஷெட் அனுபவம் அப்படியே உதவும். டர்போவுக்குப் போகும் ஆயில் குழாய் மெல்லியதாக இருக்கலாம், திரும்பும் குழாய் தடிமனாக, வளைவில்லாமல், சம்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். திரும்பும் ஆயில் தானாக இறங்க வேண்டுமே தவிர அதைத் தள்ள யாருமில்லை. தேங்கினால் சீல் வழியாகக் கசிந்து வெண்புகையாக வரும். ஓடி முடித்ததும் சாவியை உடனே அணைக்காமல் ஓரிரு நிமிஷம் ஐடிலில் விடுவதும் நல்லது. ரயில் எஞ்சினை நிறுத்திய பிறகு டர்போ எத்தனை நேரம் சுழன்று ஓய்கிறது என்று காது கொடுத்துக் கேட்போம். சட்டென்று நின்றால் பேரிங்கில் கோளாறு.

பாராவுக்கென்றே இரண்டு பலவீனங்கள் உண்டு. நீளமான கிராங்க் ஷாஃப்ட் வேகத்தில் முறுக்கி அதிரும்போது, உலோகப் பொடியை அழுத்திச் செய்த ஆயில் பம்ப் பல்சக்கரங்கள் உடைகின்றன. உடைந்தால் ஆயில் அழுத்தம் பூஜ்யம், எஞ்சின் காலி. எஃகில் கடைந்த சக்கரங்கள் கிடைக்கின்றன, டர்போ மாட்டும் முன்பே போட்டுவிடுவது உத்தமம். மற்றது வால்வு ஸ்பிரிங். 35 மி.மீ. வால்வின் முதுகில் 0.7 பார் அழுத்தினால் சுமார் 7 கிலோ பாரம். அதிக சுற்றில் வால்வு சரியாக மூடாமல் மிதக்கும். பிளக் இடைவெளியையும் 0.7 மி.மீ. அளவுக்குக் குறைக்க வேண்டும், இல்லையேல் அடர்ந்த காற்றில் பொறி தாண்டாது.

பந்தயத்துக்கு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸே மேல் என்பது என் கருத்து. பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், டார்க் கன்வெர்ட்டர் எஞ்சினுக்குச் சுமை கொடுத்து, விளக்கு பச்சையாகும் முன்பே டர்போவைச் சுழலவைத்துவிடும். முதலில் சொன்ன கரும்புகைக் கதையின் தீர்வு அது.

இதையெல்லாம் ரோட்டில் சோதிக்கக் கூடாது. குவீன்ஸ்லாந்தில் வில்லோபேங்க் போன்ற தடங்களில் சாதாரண ஆட்களும் கட்டணம் கட்டி ஓட்டலாம். ஹெல்மெட்டும் வண்டிப் பரிசோதனையும் உண்டு. முதல் ஓட்டம் குறைந்த பூஸ்டில் இருக்கட்டும். ஓடி முடித்ததும் எஞ்சினை ஆறவிட்டு ஆறு பிளக்குகளையும் கழற்றி, பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகுப் பொடி தூவியதுபோல் கரும்புள்ளியோ, மினுக்கும் அலுமினியப் பொட்டோ தெரிந்தால் நாக்கிங் ஆரம்பித்துவிட்டது. பொட்டு அலுமினியம் என்றால் அது பிஸ்டனிலிருந்து வந்தது. அன்றைக்கு அடுத்த ஓட்டம் வேண்டாம், காரை டிரெய்லரில் ஏற்றிவிடுங்கள்.