ரேடியோவைத் திறக்குமுன் மீட்டரைத் திறங்கள்

அன்புள்ள வளையமாதேவி வாசகருக்கு,

ரேடியோவில் 9 வோல்ட் வர வேண்டிய இடத்தில் மீட்டர் 10-க்கு மேல் காட்டுகிறது, ரெகுலேட்டரை மாற்றியும் அப்படியே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ரெகுலேட்டரை விடுங்கள். மீட்டருக்குள் இருக்கும் பேட்டரியைப் பாருங்கள். விலை குறைந்த டிஜிட்டல் மல்டிமீட்டர்களில் பேட்டரி தளரத் தளர, உள்ளே ஒப்பிட்டுப் பார்க்கும் வோல்டேஜும் இறங்கிவிடும்; அளவு கூடுதலாகத் தெரியும். செத்துப்போன மீட்டரால் கெடுதல் இல்லை, தூக்கி வைத்துவிடுவோம். தப்பாகக் காட்டும் மீட்டர்தான் நல்ல பாகங்களைக் கழற்ற வைக்கிறது.

நெய்வேலி இரண்டாம் சுரங்கத்தை ஒட்டிய ஊர் உங்களுடையது. தூசிக்குப் பஞ்சமில்லை. அதோடு ஐப்பசி, கார்த்திகை ஈரமும் சேர்ந்தால், சுழல் ஸ்விட்சின் தகட்டில் படிந்த தூசி வழியாக மின்சாரம் கசியும். மெகா ஓம் அளவுகள் குறைந்து தெரியும். மழைக்காலத்துக்கு முன்பே திறந்து, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். பெட்ரோலும் தின்னரும் வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். சில நாள் வேலை இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று போதும்.

ப்ரோப் முனைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, 200 ஓம் ரேஞ்சில் பாருங்கள். அரை ஓமுக்குள் அசையாமல் நிற்க வேண்டும். கழுத்துப் பக்கம் வயரை வளைக்கும்போது எண் குதித்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. முள் மீட்டரை பைக்கில் எடுத்துப் போகும்போது ஸ்விட்சை ஆஃபில் வையுங்கள். முள் ஆடுவது அடங்கும்.

சிக்னல் ஜெனரேட்டரைச் சோதிக்க லேப் எங்கே என்று கேட்டீர்கள். திருச்சி வானொலி இருக்கிறதே! நல்ல ரேடியோ ஒன்றில் 936 கிலோ ஹெர்ட்ஸில் திருச்சியைப் பிடித்து, ஜெனரேட்டரின் வயரை அருகில் கொண்டுபோய், டயலை மெல்லத் திருப்புங்கள். ஒரு விசில் கேட்கும். அது தணிந்து தணிந்து மறையும் இடத்தில் ஜெனரேட்டரும் 936-இல்தான் இருக்கிறது. அப்போது டயல் 950 என்று காட்டினால், 455-இல் ஐ.எஃப். டியூன் செய்வதையும் அப்படியே நம்ப முடியாது. வானொலி நிலையத்தின் அலைவரிசை சில ஹெர்ட்ஸுக்கு மேல் பிசகாது. நம் கடைகளுக்கு இதைவிட நல்ல அளவுகோல் வேண்டியதில்லை. ஓம் அளவைச் சோதிக்க, ஒரு சதவீத ரெசிஸ்டர்கள் நாலைந்தை வாங்கித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை எந்த செட்டிலும் போட்டுவிடாதீர்கள்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்து, கடலூர் மாவட்டத்தில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது பேட்டரி ரேடியோவின் அருமை தெரிந்தது. அதனால்தான் உங்கள் தொழில் மேல் எனக்கு இவ்வளவு அக்கறை.

மீட்டரில் ஃப்யூஸ் போனால், கம்பி சுற்றி ஓட்டாதீர்கள். அதே ஆம்பியர், அதே வோல்ட் ஃப்யூஸ்தான் போட வேண்டும். 230 வோல்ட்டில் கை வைக்கிற தொழில் இது. ஜெனரேட்டரின் டயல் 936-இலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்.