சான்றிதழில் அடிக்கப்பட்ட சொல்



“என்ஜினீயர் வேலை ஆண்களுக்குரியது, பெண்ணுக்கு அது எதற்கு?” என்று கேட்போர் நம்மிடையே இன்றும் உண்டு. அதற்கு விடை கூறுமுன், சென்னையில் நடந்த ஒரு வரலாற்றை அறிந்து கொள்வோம்.

லலிதா என்னும் பெண்மணி 1919-ம் ஆண்டில் பிறந்தவர். இளமையிலேயே மணம் முடித்து, பதினெட்டாம் வயதில் கணவரை இழந்தார். கையிலோ நான்கு மாதப் பெண் குழந்தை. அக்காலத்தில் அத்தகைய பெண்ணுக்கு வீட்டு மூலையே கதி. ஆனால், கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் பேராசிரியராயிருந்த அவர் தந்தையார் சுப்பாராவ், கல்லூரி முதல்வர் சாக்கோவிடம் மகளுக்காகப் பேசினார். இடம் கிடைத்தது.

லலிதாவை அடுத்து லீலம்மா, திரேசியா என்ற இருவரும் அங்கே சேர்ந்தனர். பட்டம் வழங்கும் வேளையில் ஒரு சங்கடம்! சான்றிதழ்கள் யாவும் ஆண்பாலில் அச்சிடப்பட்டிருந்தன. அச்சொல்லைப் பேனாவால் அடித்து, பெண்பாலில் திருத்திக் கொடுத்தனர்.

1943-ல் பட்டம் பெற்ற லலிதா, பின்னர் கல்கத்தாவில் பணியாற்றி, பக்ரா நங்கல் அணைக்கான மின்சார வேலைகளில் பங்கு கொண்டார். 1964-ல் நியூயார்க்கில் நடைபெற்ற பெண் என்ஜினீயர்கள், விஞ்ஞானிகளின் முதலாவது சர்வதேச மாநாட்டிலும் கலந்து கொண்டார். திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமை என்ஜினீயரானார். இந்தியாவில் அப்பதவியை அடைந்த முதற் பெண்மணி அவரே.

நம் பினாங்கைப் பாருங்கள். 1972-ல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வலயம் தோன்றியது. பூதக்கண்ணாடியில் கண் பதித்து, தலைமயிரினும் மெல்லிய கம்பிகளை இணைத்தவர்கள் பெரும்பாலும் கம்பத்துப் பெண்களே. வரைபடம் போட்டவர்களும் உத்தரவிட்டவர்களுமோ பெரும்பாலும் ஆண்கள்! கைத்திறனை ஏற்றுக்கொண்ட உலகம், தலைமைக்கு மட்டும் தயங்குவது நியாயமா?

இதில் நாம் பெறும் பாடங்கள் மூன்று:

1. தடையாக நின்றது பெண்ணின் அறிவன்று, அடைத்த கதவே.

2. அக்கதவைத் திறக்க ஒரு தந்தையின் துணிவும் ஒரு முதல்வரின் நியாய உணர்வும் வேண்டியிருந்தன.

3. தலைமை ஒரு நாளில் வருவதன்று. முதற் பட்டத்துக்கும் தலைமைப் பதவிக்கும் இடையே 28 ஆண்டுகள் சென்றன. ஆகவே, இன்று படிக்க வைத்து, வேலையிலும் நிலைக்கச் செய்தால்தான் நாளை தலைவியைக் காணலாம்.

வீட்டில் பியூஸ் போனால் மகனை அழைக்கிறோம். மகளை விளக்குப் பிடிக்கச் சொல்கிறோம். பாகுபாடு அங்கேதான் தொடங்குகிறது. அடுத்த முறை விளக்கை நாம் பிடித்துக்கொண்டு, கருவியை மகளிடம் கொடுத்துப் பார்ப்போமா?