சரக்கில் பழுது பார்க்கும் குணம்

பேல் பிரித்ததும் ஒவ்வொரு மடிப்பையும் விரித்துப் பார்க்கும் சிப்பந்தியை, "இவரால் வேலை ஓடாது" என்று சலித்துக் கொள்கிறோம். அந்தக் குணத்தைக் குறையென்று கருதலாமா?

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களை மார்க்கச் சட்ட மேதையாகவே அறிவோம். கி.பி. 699 முதல் 767 வரை வாழ்ந்த அவர்கள், கூபா நகரின் துணி வியாபாரியுமாவார்கள். ஒருமுறை கூட்டாளி ஹப்ஸிடம் சரக்கை ஒப்படைத்து, இன்ன துணியில் பழுதிருக்கிறது, வாங்குபவரிடம் சொல்லி விற்க வேண்டும் என்றார்கள். ஹப்ஸ் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அச்சரக்கு விற்ற பணம் முழுவதையும் ஸதகா செய்துவிட்டார்கள். பழுது ஒரு துணியில்தான்; கொடுத்ததோ முழுத் தொகை! பழுதைத் தேடிப் பார்க்கும் கண் இருந்ததால்தானே அதைச் சொல்ல வேண்டுமென்றும் தோன்றிற்று?

மஸ்ஜித் இந்தியா சாலையிலும் கிள்ளான் தெங்கு கிலானா சாலையிலும் ஜவுளி விற்கும் நம் சகோதரர்கள், பெருநாள் கூட்டத்தில் இதற்கு நேரமேது என்பார்கள். உண்மைதான். ஆகவே பேல் பிரிக்கும் அன்றே, நூல் இழுத்ததையும் சாயம் திட்டானதையும் தனியே எடுத்துச் சீட்டு ஒட்டிவிடலாம். ஹப்ஸைப்போல் நம் சிப்பந்தி மறந்தாலும், வாங்குபவர் கண்ணில் அது படும்.