கூலிக் கணக்கு மாறும்போது

சென்ற மாதம் ஜுமுஆவுக்குப் பின் நமது மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் சம்பளச் சீட்டுடன் நம்மிடம் வந்தார். ஒரு ஜவுளி நிறுவனத்தில் 12 ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருபவர். பேசிய சம்பளம் மாதம் 28,000 ரூபாய். “ஹஜ்ரத், கைக்கு வரும் பணத்தில் 960 ரூபாய் குறைந்துவிட்டது. கேட்டால் புதுச் சட்டம் என்கிறார்கள். முதலாளி ஐவேளை தொழுகிறவர். அவரைச் சந்தேகிப்பது பாவமாகுமோ?” என்றார்.

சந்தேகிக்கவும் வேண்டாம், வாய்மூடி இருக்கவும் வேண்டாம், கணக்கைப் பார்ப்போம் என்றோம்.

2019இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பு, நம் நாட்டில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததே ‘ஊதியம்’. வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை அதில் சேரா. ஆனால் அப்படிச் சேராதவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியமாகவே எண்ணப்படும். அடிப்படையைச் சிறிதாக்கிப் படிகளைப் பெருக்கிக் காட்டும் பழக்கத்துக்கு இட்ட கடிவாளம் இது.

நம் சகோதரரின் சீட்டில் அடிப்படை 10,000, படிகள் 18,000. மொத்தத்தில் பாதி 14,000. படிகளில் மிஞ்சிய 4,000 அடிப்படையுடன் சேர, ஊதியம் 14,000 ஆகிறது. வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம் என்ற கணக்கில் முன்பு 1,200 பிடித்தார்கள், இப்போது 1,680. கூடுதல் பிடித்தம் 480 ரூபாய். இது அவர் பெயரிலேயே சேரும் பணம். (அந்நிதிக்குக் கிடைக்கும் வட்டி பற்றிய மஸ்அலா தனி, இங்கே அதனைத் தொடவில்லை.) பணிக்கொடையும் உயர்கிறது. மாதத்தை 26 நாளாக வைத்து ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்பது அதன் கணக்கு. 12 ஆண்டுக்கு 10,000 ரூபாய் வீதம் ஏறக்குறைய 69,230 வரும்; 14,000 வீதம் 96,920 வரும். ஆகவே இந்த 480இல் அநீதி இல்லை.

மற்ற 480 எங்கே போனது? முதலாளியும் தம் பங்காக அதே 12 சதவீதம் செலுத்தவேண்டும். அவர் பங்கில் கூடிய 480ஐயும் தொழிலாளியின் சம்பளத்திலேயே கழித்துவிட்டார்கள்! முதலாளியின் பங்கைத் தொழிலாளியிடம் வசூலிப்பதைச் சட்டமும் அனுமதிக்கவில்லை, ஷரீஅத்தும் அனுமதிக்கவில்லை.

இஜாரா என்னும் கூலி ஒப்பந்தத்தில் வேலையும் கூலியும் இருவருக்கும் தெரிந்திருப்பது ஷர்த்து. கூலி தெரியாவிட்டால் ஒப்பந்தம் பாஸிதாகிவிடும். வேலை நடந்துவிட்டிருந்தால் அவ்வேலைக்கு வழக்கத்திலுள்ள கூலியைக் கொடுக்கவேண்டும். மூஸா (அலை) அவர்களிடம் மத்யனில் எட்டு ஆண்டு ஊழியம் பேசப்பட்டபோது, பத்தாக முடிப்பது அவர்களுடைய விருப்பம் என்பதும் தொடக்கத்திலேயே தெளிவாக்கப்பட்டதைத் திருமறையின் கஸஸ் அத்தியாயத்தில் காண்கிறோம். எனவே கணக்கை மாற்ற விரும்பும் முதலாளி வரப்போகும் மாதத்துக்குப் பேசலாம். தொழிலாளி ஒப்பினால் அது புது ஒப்பந்தம். முடிந்துபோன வேலைக்கான கூலியோ முதலாளியின் மீது கடன். கடனாளி தன் கடனைத் தானே குறைத்து எழுதிக்கொள்ள முடியுமா? வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடாதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற கருத்துள்ள ஹதீஸ் புகாரியில் வருகிறது.

நாம் அந்த முதலாளியைச் சந்தித்தோம். “மொத்தச் செலவு கூடக்கூடாது என்று மட்டுமே சொன்னேன், கணக்கர்கள் இப்படிப் போட்டுவிட்டார்கள்” என்றார். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எந்தச் செலவு யாருடையது என்று கேட்பது அவர் பொறுப்பல்லவா? அந்த 480ஐத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டார். அங்கே வேலை செய்யும் மற்றவர்களின் சீட்டுகளையும் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தோம்.

வீட்டிலுள்ள பெண்களும் இச்சீட்டைப் படிக்கப் பழகவேண்டும். கை குறைவதை முதலில் உணர்பவர்கள் அவர்களே. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வரவேண்டும். வேலையை விட்டு விலகினாலும் நீக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளப் பாக்கியைத் தீர்க்கவேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. மாற்றம் எதுவானாலும் எழுத்தில் கேட்டு வாங்கி, பழைய சீட்டையும் புதிய சீட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.